கரை தெரியாத ஏழு நாள்கள்: கப்பலில் பெருங்கடலைக் கடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெருங்கடலைக் கடக்கும் கப்பல் பயணத்தையும், நாளுக்கொரு துறைமுகத்தில் நின்று செல்லும் உல்லாசக் கப்பல் பயணத்தையும் பலர் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டிற்கும் ஒரே கப்பல்கூடப் பயன்படலாம். ஆனால் உள்ளே வாழும் வாழ்க்கை வேறு. துறைமுகப் பயணத்தில் கப்பல் என்பது இரவு தங்கிவிட்டுக் காலையில் வெளியே கிளம்பும் விடுதி. கடலைக் கடக்கும்போதோ ஆறேழு நாள்கள் தொடர்ந்து இறங்குவதற்கு இடமே கிடையாது. நான்கு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. முதல் முறை செல்பவர்கள் இந்த வெறுமையை எண்ணி அஞ்சி, ஒவ்வொரு மணி நேரத்தையும் நிகழ்ச்சிகளால் நிரப்பிக்கொண்டு, மூன்றாம் நாளே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். என் முதல் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். வேலை எதுவும் இல்லாமல் கிடக்கும் அந்தக் கடல் நாளுக்காகத்தான் இந்தப் பயணத்தையே மேற்கொள்கிறோம் என்பது எனக்கு இரண்டாம் பயணத்தில்தான் புரிந்தது. கரையில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைக் கரையிலேயே முடித்துவிட்டால், ஏறிய பிறகு அந்த நாளைக் கெடுக்க அதிகம் மீதியிருக்காது.

எந்தப் பயணம், எந்தப் பருவம்

அட்லாண்டிக்கைக் கடப்பதற்கு இரண்டு வகைப் பயணங்கள் உண்டு. முதலாவது, கடல் கடப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பலில் செல்வது. 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கின் மேல் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய பின் அத்தகைய கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற்றன. இன்று அந்தப் பணியை அட்டவணைப்படி தொடர்ந்து செய்துவருவது 2004-இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 என்னும் கப்பல்தான். 345 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே உள்ள ஏறத்தாழ 3,200 கடல் மைல்களைப் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்) பெரும்பாலும் ஏழு இரவுகளில் கடக்கிறது. அதன் நீண்டு கூர்ந்த அணியமும் (முன்முனை), நீருக்குள் சுமார் பத்து மீட்டர் இறங்கியிருக்கும் அடிப்பகுதியும் வட அட்லாண்டிக்கின் பெரிய அலைகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை.

இரண்டாவது, இடமாற்றப் பயணம். கோடையில் மத்தியதரைக் கடலிலும் குளிர்காலத்தில் கரீபியன் கடலிலும் ஓடும் உல்லாசக் கப்பல்கள், ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கு நோக்கியும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்கு நோக்கியும் அட்லாண்டிக்கைக் கடந்தாக வேண்டும். பயணி வந்தாலும் வராவிட்டாலும் கப்பல் போயே தீரும் என்பதால், ஓர் இரவுக்கான கட்டணம் வழக்கமான பயணங்களைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இவை தெற்கே, வெப்பமான பாதையில் செல்வதால் அசோர்ஸ், மதைரா, கேனரி ஆகிய தீவுகளில் ஏதேனும் ஒன்றில் ஒரு நாள் நிற்பதும் உண்டு. பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினைந்து இரவுகள் வரை ஆகும்.

முதல் முறை செல்பவருக்கு எது நல்லது என்று கேட்டால், எந்தக் கப்பலாக இருந்தாலும் மேற்கு நோக்கிச் செல்வதையே நான் சொல்வேன். காரணம் கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளங்களின் எண்ணிக்கையையும் சறுக்குகளின் உயரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம், ஏனெனில் காற்று பலத்தால் முதலில் மூடப்படுபவை அவைதாம். நூலகம் இருக்கிறதா, சன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்க்கும்படி கண்ணாடிக் கூடங்கள் இருக்கின்றனவா, கப்பலை முழுதாகச் சுற்றி வரும் நடைதளம் இருக்கிறதா என்று தள வரைபடத்தில் தேடுங்கள். புதிய கப்பல்கள் சிலவற்றில் நடைதளம் பாதியிலேயே உணவகத்தின் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. கடல் கடப்பவருக்கு அது சின்னக் குறையன்று.

இது ஒருவழிப் பயணம் என்பதை மறந்துவிடாதீர்கள். திரும்பி வரும் விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஏறும் நாடு, இறங்கும் நாடு, இடையில் நிற்கும் தீவு ஆகிய மூன்றுக்கும் விசா விதிகளைத் தனித்தனியே பாருங்கள். விமானத்தில் வருபவருக்குரிய சலுகை கப்பலில் வருபவருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, அவசர வெளியேற்றச் செலவையும் ஏற்கும் காப்பீடு தேவை. நடுக்கடலில் கரையிலிருந்து வரும் ஹெலிகாப்டர் எட்ட முடியாத தொலைவில் பல நாள்கள் இருப்பீர்கள். கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு என்றாலும், அங்கே ஆகும் செலவு முழுவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

கேபின்

கப்பலின் அசைவில் இரண்டு வகை உண்டு. பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது ஒன்று; அணியம் எழுந்து, அமரம் எனப்படும் பின்முனை தாழ்வதும், பின் அது மாறி நிகழ்வதும் மற்றொன்று. முதல் வகையைக் குறைப்பதற்கு, நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் இரு புறமும் மீனின் துடுப்பைப் போல நீளும் நிலைப்படுத்திகள் இருக்கின்றன. இரண்டாம் வகைக்கு அப்படிப்பட்ட கருவி எதுவும் இல்லை. சீசா பலகையின் நடுவில் அமர்ந்தவர் குறைவாகவும் நுனியில் அமர்ந்தவர் அதிகமாகவும் ஏறி இறங்குவதைப் போல, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளங்களில் உள்ள கேபினில் அசைவு மிகக் குறைவு. விலை கூடிய கேபின்கள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருப்பதால், வயிறு லேசானவர்களுக்கு மலிவான கேபினே நல்ல கேபினாக அமைந்துவிடுகிறது. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளமாகத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேல் பஃபே உணவகம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகள் இழுபடும் ஓசையில்தான் கண் விழிப்பீர்கள்.

பால்கனி வேண்டுமா என்பது பாதையைப் பொறுத்தது. கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வீசினால், தளத்தில் நிற்பவர் முகத்தில் மோதுவது மணிக்கு 74 கிலோமீட்டர் வேகக் காற்று. வடக்குப் பாதையில் மேற்கு நோக்கிச் செல்பவர்களுக்கு இது வழக்கமான நாள். பால்கனி அங்கே பாதி நேரம் கதவடைத்த காட்சிப்பொருள். தெற்குப் பாதையில் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. அங்கும் ஒரு கணக்கு உண்டு: வடகோளத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலின் இடப்புறம் தெற்கைப் பார்த்திருக்கும் என்பதால் வெயில் அந்தப் பக்கம்தான், கிழக்கு நோக்கிச் சென்றால் வலப்புறம். குளிர்ந்த மாதமென்றால் வெயில் பக்கத்தையும், சூடான பாதையென்றால் நிழல் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். சன்னலே இல்லாத உள்கேபின் மோசமானதன்று. இருட்டில் நன்றாக உறக்கம் வரும், பகலில் எப்படியும் வெளியேதான் இருக்கப்போகிறீர்கள்.

பெட்டி

அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக் கைப்பையில் வையுங்கள். நடுக்கடலில் மருந்துக்கடை கிடையாது, வானிலையால் கப்பல் தாமதமாகவும் கூடும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவத்தி ஆகியவற்றுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. மின்னழுத்தக் காப்புள்ள நீட்டிப்பு வடங்களையும் பல கப்பல்களில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி, ரப்பர் அடி கொண்ட காலணி, ஒரு நல்ல இரவு விருந்து உடை ஆகியவை போதும். இரண்டு சிறு பொருள்களை மட்டும் நான் ஒருபோதும் விடுவதில்லை. கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நான்கு எடுத்துச் சென்றால் தொப்பி, பை, ஈரத் துண்டு எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். மற்றொன்று, கடக்கப்போகும் கடலின் வரைபடம் அச்சிட்ட ஒரே ஒரு தாள். அதன் பயன் பிறகு தெரியும்.

ஏறும் நாள்

கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை உள்ள கைப்பையுடன் ஏறுங்கள். பெரிய பெட்டி மாலையில்தான் கேபின் வாசலுக்கு வந்து சேரும். ஏறியதும் பஃபேக்கு ஓடும் கூட்டத்தோடு ஓடாமல், கேபினிலிருந்து, ஆபத்தின்போது நீங்கள் சென்று கூட வேண்டிய ஒன்றுகூடல் நிலையம் வரை ஒருமுறை படிக்கட்டிலேயே நடந்து பாருங்கள்.

பாதுகாப்பு ஒத்திகையைத் தொல்லையாக எண்ணுபவர்கள் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914-இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னும், பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்ற விதியே இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தபோது, அன்று மாலை ஏறியவர்களுக்கு இன்னும் ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறி, 2015 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று ஆனது. கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சமே: ஏழு குறுகிய ஊதலும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஊதலும் கேட்டால், சூடான உடை அணிந்து, மருந்தை எடுத்துக்கொண்டு, மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டு வழியாக நிலையத்துக்குச் செல்ல வேண்டும். உயிர்காப்பு அங்கி கேபினில் இருக்கிறதா, நிலையத்தில் தருவார்களா என்பதை மட்டும் அன்றே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் இரு முனைகளும் ஒன்றுபோலவே தோன்றுவதால் முதல் இரண்டு நாள்கள் வழி தவறாதவர் இல்லை. சில கப்பல்களில் தாழ்வாரக் கம்பளத்தில் நெய்யப்பட்ட மீன்கள் எல்லாம் அணியத்தை நோக்கியே நீந்தும். அப்படி ஒரு குறி உங்கள் கப்பலில் இருக்கிறதா என்று கேபின் பணியாளரிடம் கேளுங்கள். இருந்தால் அவருக்குத் தெரியாமல் இராது.

கப்பல் ஆடும்போது

மேசையில் வைத்த தேநீர்க் கோப்பையை உற்றுப் பார்த்தால் கடலின் அன்றைய மனநிலையைப் படித்துவிடலாம். கோப்பை அசையாது, உள்ளே தேநீரின் வட்டம் மட்டும் ஒரு விளிம்பில் மெல்ல ஏறி, ஒரு மூச்சு நேரம் தங்கி, மறு விளிம்புக்கு இறங்கும். இரவில் உடை அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கத் தொடங்கினால் காற்று வலுத்துவிட்டது என்று பொருள். எழுந்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு காலுறையால் கட்டிவிட்டுப் படுங்கள். கிரீச்சிடும் மேசை இழுப்பறையின் இடுக்கில் மடித்த காகிதத்தைச் செருகுங்கள். இந்த இரண்டு வேலைகளையும் செய்யத் தெரிந்தவர் புயலிலும் உறங்குவார்.

குமட்டல் எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்கிறது. கேபின் சுவரைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் வயிறு தாங்க மாட்டாமல் எதிர்க்கிறது. ஆகவே படுக்கையில் சுருண்டு கைப்பேசியைப் பார்ப்பது நிலையைக் கெடுக்கும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், திறந்த வெளிக்கு வந்து அடிவானத்தைப் பாருங்கள். கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். வெறும் வயிற்றோடு இருக்காமல் உலர்ந்த ரொட்டியோ பச்சை ஆப்பிளோ சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள்; இஞ்சியும் பலருக்கு உதவுகிறது. மெக்லிசின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்குவதற்கு முன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். தூக்கம் வரவழைக்கும் என்பதாலும், கண்ணழுத்தம், சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதாலும், புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களில் உடல் தானே பழகிவிடுகிறது.

அசைவால் காயம்படுபவர்களில் பலர் கதவால்தான் காயம்படுகிறார்கள். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது கேபின் கதவையும் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து கனமான கதவை அறைந்து சாத்தும். விரல் நிலைச்சட்டத்தில் இருந்தால் அவ்வளவுதான். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். மூடுபனி கவிந்த இரவில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கப்பல் நீளமாக ஊதினால் அஞ்ச வேண்டாம். பிற கப்பல்களுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கும் வழக்கமான ஊதல்தான் அது. வளைகுடா நீரோட்டத்தின் வெம்மையான ஈரக்காற்று லாப்ரடார் நீரோட்டத்தின் குளிர்நீர் மேல் படியும் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே இந்த மூடுபனி மிகவும் சகஜம்.

கடிகாரம்

பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், மேற்கே 15 பாகை சென்றால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். விமானத்தில் ஐந்து மணி நேர வேறுபாடு ஒரே அடியாக உடல்மேல் விழுகிறது. கப்பலில் அது இரவுக்கு ஒன்றாகப் பிரிந்து வருகிறது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் செல்பவருக்கு ஏழு நாள்களில் ஐந்து நாள்கள் 25 மணி நேரம் கொண்டவை. எவரிடமும் கேட்காமல் கிடைக்கும் இந்தக் கூடுதல் மணி பெரும்பாலும் நல்ல உறக்கமாகவே கழிகிறது. கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு அதே ஐந்து நாள்களில் நாளுக்கு ஒரு மணி பிடுங்கப்படுகிறது. சில கப்பல்களில் அதை இரவில் எடுக்காமல் நண்பகலில் எடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு அடித்த கையோடு மணி ஒன்றாகிவிடும். மேற்கே செல்லச் சொன்னதன் காரணம் இதுதான். பசிபிக்கைக் கடப்பவர்களுக்கு இதனினும் பெரிய வேடிக்கை உண்டு: பன்னாட்டுத் தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாள் முழுவதுமாகக் காணாமல் போகும், கிழக்கு நோக்கித் தாண்டினால் அதே தேதி இரண்டு முறை வரும்.

கைப்பேசியை நம்ப வேண்டாம். விமானப் பயன்முறையில் வைத்த கைப்பேசி கரையின் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். கிழக்கு நோக்கிய ஒரு பயணத்தில் அதை நம்பிப் போய், நட்சத்திரங்களைப் பற்றிய உரையைக் கேட்பதற்காக மூடிய அரங்கின் வாசலில் நின்றவன் நான். உரை முடிந்து எல்லோரும் தேநீருக்குச் சென்று வெகு நேரமாகியிருந்தது. கைப்பேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, ஒவ்வோர் இரவும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளைப் பார்த்துக் கையாலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

கடல் நாள்

நிகழ்ச்சித் தாளில் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை ஐம்பது இனங்கள் இருக்கலாம்: உரைகள், சேர்ந்திசைப் பயிற்சி, சீட்டாட்டம், நடன வகுப்பு, சமையலறைச் சுற்றுலா, நாடகம். அவற்றுள் முற்பகலில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் மட்டும் தேர்ந்தெடுத்து வட்டமிடுங்கள். தினமும் தொடர்வது எதுவோ அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பயணிகள் சேர்ந்திசைக் குழுவில் முதல் நாளே சேர்ந்தவர்கள் கடைசி மாலையில் மேடையேறிப் பாடுவார்கள். பாட வருமா வராதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை, என் குரலையே ஏற்றுக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர் உரைகளும் அப்படித்தான். மூன்றாம் நாளுக்குள் அருகில் அமர்பவரின் முகம் பழகிவிடும்.

நாளின் நடுவே ஒரு தூண் உண்டு. அதுதான் நண்பகல் அறிவிப்பு. கப்பலின் ஊதல் ஒலித்ததும் பேச்செல்லாம் அடங்கும்; கேப்டன் ஒலிபெருக்கியில் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், காற்றின் விசை, அடியிலுள்ள கடலின் ஆழம், நேற்றைய நண்பகலிலிருந்து கடந்த தொலைவு ஆகியவற்றைச் சொல்வார். வரைபடத் தாள் இதற்குத்தான். சொன்ன இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அருகே காற்றின் விசையை எழுதி, நேற்றைய புள்ளியோடு கோடிட்டு இணையுங்கள். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் 25 மணி நேரம் ஓடினால் 500 கடல் மைல். அத்தனை தொலைவும் அந்தத் தாளில் ஒரு கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. காற்றின் விசை என்று அவர் கூறுவது 0 முதல் 12 வரை செல்லும் போஃபோர்ட் அளவு. 4 என்றால் வெள்ளை நுரைத் தலைகள் அடிக்கடி எழும். 8 என்றால் அலையுச்சிகள் சிதறி, நுரை காற்றின் திசையில் கோடு கோடாக நீளும். எண்ணைக் கேட்டுவிட்டுச் சன்னல் வழியே பார்த்துச் சரிபார்க்கப் பழகிவிட்டால், இரண்டொரு நாளில் அறிவிப்புக்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். கேபின் தொலைக்காட்சியிலும் இந்த விவரங்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இருந்தாலும் கேப்டன் வாயால் கேட்பதில் உள்ள சுவை அதில் இல்லை.

கடலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று முதல் நாள் தோன்றும். நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரமுள்ள தளத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் கண்ணை அங்குமிங்கும் ஓடவிட்டால் ஒன்றும் அகப்படாது. ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். திமிங்கிலத்தை அதன் உடலால் அறிவதில்லை. வெள்ளை மூச்சு ஒரு புதரளவு எழுந்து காற்றில் கலைவதைக் கொண்டே அறிகிறோம். தெற்குப் பாதையில் சர்காசோக் கடலின் பாசி பொன்னிறக் கோடுகளாகக் காற்றின் திசையில் மிதந்து வரும். அணியம் கிழிக்கும் நீரிலிருந்து பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தெறித்து, அலைமேல் வெகுதூரம் வழுக்கிச் சென்று மறையும். காலை வேளையில், வெயில் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று பார்த்தால் இவை நன்றாகத் தெரியும்.

பின்காற்று வீசும் நாளில் நடைதளத்துக்குக் கட்டாயம் போங்கள். காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் ஒன்றாகிவிட்டால் தளத்தில் ஓர் இழைகூட அசையாது; புகைபோக்கியிலிருந்து எழும் புகை நேராக மேலே நிற்கும்; இவ்வளவு பெரிய பொருள் நகர்வதாகவே தோன்றாது. இரவில் வெளிச்சம் குறைந்த முன்தளம் எது என்று கேட்டுவைத்துக்கொண்டு, நிலவில்லாத இரவில் அங்கே சென்று, கைப்பேசியைத் தொடாமல் இருபது நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதன் பின் தெரியும் பால்வெளியை நகரவாசிகள் பலர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள்.

எஞ்சிய நேரத்தை எதற்கும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். நூலகத்துச் சன்னலோர நாற்காலியில் புத்தகம் மடியில் கிடக்க அரைத் தூக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, காசைக் கொட்டிவிட்டு இங்கே வந்து தூங்குகிறாரே என்று முதல் நாள் நினைத்தேன். நான்காம் நாள் அந்த நாற்காலியைப் பிடிப்பதற்காகக் காலையில் சீக்கிரமாக எழுந்தேன்.

சாப்பாடும் மனிதர்களும்

பஃபேயிலேயே எல்லா வேளையும் சாப்பிட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. இரவு உணவை மேசையில் பரிமாறும் கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்; பலர் சேர்ந்து அமரும் பகிர்வு மேசை வேண்டும் என்று பதிவின்போதே கேளுங்கள். ஏழு இரவுகள் ஒரே முகங்களோடு உண்பதால் வரும் நட்பு, துறைமுகப் பயணங்களில் எளிதில் கிட்டாது. ஒத்துவராத மனிதர்கள் வாய்த்தால் இரண்டாம் நாளே உணவுக்கூட மேலாளரிடம் மெல்லச் சொல்லி மேசையை மாற்றிக்கொள்ளலாம். அதில் சங்கடம் எதுவும் இல்லை. தாவர உணவோ ஒவ்வாமைக் கட்டுப்பாடோ உள்ளவர்கள் பல வாரங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, முதல் இரவிலேயே பரிசாரகரிடமும் சொல்ல வேண்டும். மறுநாள் பட்டியலை முதல் நாள் இரவே கொண்டுவந்து காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

ஒவ்வொரு வேளைக்கு முன்னும் கையைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸை ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிகள் சரியாக அழிப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவதே முறை. கேபினில் அடைபட நேரிடும்தான், ஆயினும் கப்பல் முழுவதும் பரவுவதைவிட அது மேல்.

கேபின் பணியாளரும் பரிசாரகரும் பெரும்பாலும் பல மாத ஒப்பந்தத்தில் வீட்டைவிட்டு வந்திருப்பவர்கள். அவர்கள் பெயரைக் கேட்டுப் பெயரிட்டு அழையுங்கள். சேவைக் கட்டணம் நாள்தோறும் தானாகவே கணக்கில் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தாலும், சிறப்பாகக் கவனித்தவருக்குக் கடைசி இரவில் உறையிலிட்டுத் தனியே தருவது பொதுவான வழக்கம்.

இணையமும் பணமும்

கப்பல் துறைமுகத்தை விட்டதும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலுக்குள் இயங்கும் கைப்பேசி வலையமைப்பில் அது தெரியாமல் இணைந்துவிட்டால் வரும் கட்டணம் பயணச் செலவையே கேலி செய்யும். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வந்தபின் நடுக்கடலிலும் இணையம் நன்றாகவே கிடைக்கிறது. அது நல்லதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வீட்டாருக்கு நாளுக்கொரு செய்தி அனுப்பும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். கப்பலில் ரொக்கம் செல்லாது. எல்லாம் கேபின் அட்டையில் ஏறுவதால், மூன்று நாளுக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இறங்கும் நாள்

கடைசி இரவில் பெரிய பெட்டிகளைத் தாழ்வாரத்தில் வைத்துவிட வேண்டும். காலையில் துறைமுகக் கூடத்தில்தான் அவற்றை மீண்டும் காண்பீர்கள். மறுநாள் அணிய வேண்டியதை முழுதாக எடுத்து நாற்காலியில் வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். மேலிருந்து கீழாக எண்ணிப் பார்த்து எடுத்துவைத்த நான் காலணியை மட்டும் மறந்து, கப்பலில் கொடுத்த வெள்ளைத் துணிச்செருப்போடு குடிநுழைவு அதிகாரியின் முன் நின்றிருக்கிறேன். அவர் என் கடவுச்சீட்டைவிட என் கால்களைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

அதிகாலையிலேயே எழுந்து மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். கரை முதலில் நிலமாகத் தெரிவதில்லை. அடிவானத்தின் ஓரிடத்தில் மேகம் வேறு நிறமாக இருக்கும், பிறகு ஒரு கலங்கரை விளக்கின் ஒளி, கடைசியாக நிலத்தின் மணம். வழிகாட்டும் துறைமுக மாலுமி சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் தொற்றி ஏறுவதைப் பார்க்கத் தவறாதீர்கள். அன்றைய விமானத்தைப் பிற்பகலுக்குப் பிறகு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மூடுபனியோ குடிநுழைவு வரிசையோ இரண்டு மூன்று மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும்.

இறங்கிய பின் ஓரிரு நாள்களுக்குத் தரை அசைவதுபோல் தோன்றுவது இயல்பே. கடலுக்குப் பழகிய உட்காது கரையை இன்னும் நம்பவில்லை. விடுதிக் குளியலறையில் தலைக்குச் சோப்பிட்டுக் கண்ணை மூடும்போது இது மிகுதியாகத் தெரியும். அப்போது ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.